செபுஜென் பானை இறங்கும் நேரம்: செனகல் உணவகத்தில் எதை, எப்போது, எப்படிச் சாப்பிடுவது?

நியூயார்க்கின் ஹார்லெமில் மேற்கு 116ஆம் தெருவையும் அதை ஒட்டிய சில தெருக்களையும் 'லிட்டில் செனகல்' என்கிறார்கள். 1980களில் தொடங்கி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, முக்கியமாகச் செனகலிலிருந்து, வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். தையல் கடை, தலைமுடி பின்னும் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, மசூதி என்று வரிசையாக இருக்கும் தெருவில் நடுநடுவே உணவகங்கள். உள்ளே போனால் சுவரில் பெரிய பலகை. அதில் முப்பது, நாற்பது பெயர்கள். ஒன்றைக் கேட்டால் "இன்றைக்கு இல்லை" என்பார்கள். இன்னொன்றைக் கேட்டால் "முடிந்துவிட்டது". மூன்றாவதற்கு "அது ராத்திரிதான்". முதல் தடவை போகிறவர் கடை ஒழுங்காக நடக்கவில்லை என்று முடிவுகட்டி எழுந்து வந்துவிடக்கூடும்.

கடை ஒழுங்காகத்தான் நடக்கிறது. செனகல் சமையலில் பகலுக்கு ஒரு பானை, இரவுக்கு ஓர் அடுப்பு. பகல் பானையில் சோறும் குழம்பும். இரவு அடுப்பில் சுட்ட இறைச்சியும் மீனும். பகல் பானை ஒருமுறைதான் ஏறும், ஒருமுறைதான் இறங்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக அதைச் செய்ய முடியாது. இதைப் புரிந்துகொண்டால் பலகையில் இருப்பதில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும். ஆகவே உட்கார்ந்ததும் பலகையைப் படிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "இப்போது என்ன தயாராக இருக்கிறது?" என்பதுதான். அந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பானை பெரும்பாலும் மதியம் ஒரு மணியை ஒட்டி இறங்கும். ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் போனால் சோறு நன்றாக இருக்கும். நாலு மணிக்கு மேல் மிச்சம் இருந்தாலும் அடிச்சூட்டில் கிடந்து குழைந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூட்டம் ஒரேயடியாக வந்து விழும்; அன்றைக்குச் சற்று முன்னதாகப் போவது நல்லது. ரமலான் மாதத்தில் பல கடைகளில் பகல் சமையல் கிடையாது, நோன்பு திறக்கும் நேரத்துக்குத்தான் அடுப்பு பற்றவைப்பார்கள்.

பானைக்குள் என்ன இருக்கிறது

அந்தப் பகல் பானையின் பெயர் செபுஜென். மீனும் சோறும். செனகலின் தேசிய உணவு என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒன்று. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. செனகல் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் சேன் லூயி தீவின் மீனவர் குடும்பங்களில் பிறந்தது என்று அந்தப் பதிவு சொல்கிறது. பென்டா ம்பாய் என்ற சமையற்காரப் பெண்தான் தக்காளி சேர்த்த சிவப்பு வகையை முதலில் செய்தவர் என்பது ஊர் வழக்கு. இன்றும் பலகைகளில் சிவப்பு வகைக்கு அவர் பெயரையே எழுதியிருப்பார்கள். தக்காளி சேர்க்காத வெள்ளை வகையும் உண்டு. அதில் புளிப்பு தூக்கலாக இருக்கும். ரோமன் எழுத்தில் இந்தப் பெயரைக் கடைக்குக் கடை வெவ்வேறாக எழுதுவார்கள். 'செ' என்ற ஓசையில் தொடங்கி 'ஜென்' என்று முடிந்தால் மீன் சோறு, 'யாப்' என்று முடிந்தால் இறைச்சிச் சோறு, 'கினார்' என்று முடிந்தால் கோழிச் சோறு.

எட்டுப் பேருக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நொய்யரிசி, ஒன்றரைக் கிலோ கெட்டிச் சதை மீன், கால் லிட்டருக்குக் குறையாத எண்ணெய், இருநூறு கிராம் தக்காளி விழுது, மூன்று பெரிய வெங்காயம். காய்களில் மரவள்ளிக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், பூசணி அல்லது சர்க்கரைவள்ளி, வெண்டை, ஜகாத்து என்ற கசப்புக் கத்தரி. எல்லாமே பெரிய துண்டுகளாக. முட்டைக்கோஸை நாலாகப் பிளந்தால் போதும். சிறிதாக நறுக்கினால் கரைந்துபோகும்.

மீனுக்கு உள்ளே ஒரு விழுது திணிப்பார்கள். பார்ஸ்லி, பூண்டு, வெங்காயத்தாள், மிளகு, மிளகாய், உப்பு எல்லாவற்றையும் உரலில் இடித்தது. பெயர் ரோஃப். மீன் துண்டில் கத்தி நுனியால் இரண்டு மூன்று இடத்தில் ஆழமாகக் குத்தி, அந்தக் குழிக்குள் விரலால் அழுத்தி அடைக்க வேண்டும். மேலே தடவிவிட்டால் எண்ணெயில் இறங்கியதும் கருகிவிடும். தட்டில் வரும் மீனைப் பிட்டுப் பார்த்தால், வெள்ளைச் சதைக்கு நடுவே பச்சையாக ஒரு பொட்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் சமையற்காரர் அந்த வேலையைத் தவிர்த்துவிட்டார் என்று அர்த்தம்.

மீனை எண்ணெயில் இருபுறமும் பொரித்து வெளியே எடுத்துவிடுவார்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பிறகு தக்காளி விழுது. பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். விழுதைப் பத்துப் பதினைந்து நிமிடமாவது சிறு தீயில் கிளறி வதக்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்கு வந்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும். அவசரப்பட்டால் சோறு முழுக்கப் பச்சைத் தக்காளியின் புளிப்பும் தகர டப்பாவின் வாடையும் ஏறிவிடும். தட்டில் வந்த சோறு பார்ப்பதற்குப் பளீர்ச் சிவப்பாக இருந்தால் விழுது வேகவில்லை என்று நம்பிச் சொல்லலாம். சரியான செபுஜென் பழுப்பேறிய சிவப்பாக இருக்கும்.

அதன் பிறகு தண்ணீர், காய்கள், கருவாடு, ஊறவைத்த நத்தை. செனகல் கருவாட்டுக்குக் கெஜ் என்று பெயர். வெறுமனே உப்பிட்டுக் காயவைக்காமல், முதலில் நொதிக்கவிட்டுப் பிறகு காயவைப்பது. யேத் என்பது பெரிய கடல் நத்தையின் சதையை அதே மாதிரி நொதிக்கவைத்துக் காயவைத்தது. நெத்தெத்து என்று மூன்றாவதாக ஒன்று: ஆப்பிரிக்காவில் வளரும் ஒருவகை மரத்தின் விதையை வேகவைத்து நொதிக்கவிட்டது, வாடை மூக்கைத் துளைக்கும். இந்த மூன்றில் ஒன்றாவது பானையில் இருந்தால்தான் குழம்புக்கு அடித்தளம் அமையும். இவற்றை விட்டுவிட்டு மாகி கட்டியை மட்டும் கரைத்துச் சமாளிக்கிற கடைகளும் இருக்கின்றன. நாக்கில் உப்பு நிற்கும், பின்சுவை நிற்காது. கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த தமிழ் நாக்குக்கு இந்த வித்தியாசம் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும்.

காய்கள் ஒரே நேரத்தில் வேகாது. மரவள்ளியும் கேரட்டும் முதலில் போகும், வெண்டையும் பூசணியும் கடைசியில். வெந்தது வெந்தபடி வெளியே எடுத்து, மேலே கொஞ்சம் குழம்பு ஊற்றி மூடி வைப்பார்கள். முழு மிளகாய் ஒன்றைக் குழம்பில் மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிட வேண்டும். குட்டையாகத் தடித்து, மணக்கும் அந்த மிளகாய் உடைந்துவிட்டால் எட்டுப் பேர் சோறும் ஒருவராலும் சாப்பிட முடியாதபடி ஆகிவிடும். மிளகாயைத் தட்டோரத்தில் தனியே வைத்துக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்; வேண்டுமென்பவர் தம் பங்குச் சோற்றில் மட்டும் தேய்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக அரிசி. நொய்யைத் தண்ணீர் தெளிகிறவரை நாலைந்து முறை களைந்து, ஓட்டைப் பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் குழம்புக்கு மேலே வைத்து ஆவியில் அரைவேக்காடு வேகவிடுவார்கள். பிறகுதான் குழம்பில் கொட்டுவது. நொய்யின் உடைந்த முனைகளில் மாவு அதிகம். களையாமல், ஆவி காட்டாமல் நேராகக் குழம்பில் போட்டால் களி கிண்டியதுபோல் ஆகிவிடும். ஆவியில் வெந்த நொய்க்கு, ஒரு படிக்கு ஒன்றேகால் படி குழம்புக்கு மேல் தேவைப்படாது. அரிசியைச் சமப்படுத்தினால் குழம்பு அதன் மேல்மட்டத்தைத் தொட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சக் குழம்பை முன்னதாகவே அள்ளித் தனியே வைத்துவிட வேண்டும். மூடிக்கும் பானைக்கும் நடுவே துணியோ அலுமினியத் தாளோ வைத்து ஆவி போகாமல் அடைத்து, மிகச் சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை அடியோடு புரட்டிவிட்டால் போதும்.

அடியில் பிடித்த காந்தலுக்கு ஹோஞ் என்று பெயர். இது தவறிப்போய் வருவது கிடையாது. வேண்டுமென்றே கடைசிச் சில நிமிடம் தீயைக் கூட்டி வரவைப்பது. எண்ணெயும் குழம்பும் ஊறி, மொறுமொறுவென்று, லேசான கசப்போடு இருக்கும். கரண்டியால் சுரண்டித் தட்டோரத்தில் வைப்பார்கள். கேட்காதவருக்குச் சில நேரம் வைக்க மாட்டார்கள், வெளியூர்க்காரர் தீய்ந்த சோறு என்று திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று. ஆகவே "ஹோஞ் கொஞ்சம்" என்று கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்கிற ஆளுக்கு அடுத்த கரண்டி தாராளமாகவே விழும்.

தட்டோரத்தில் இன்னும் சில இருக்கும்: ஓர் எலுமிச்சைத் துண்டு, கெட்டியான புளிக் கரைசல், புளிச்சகீரையும் வெண்டையும் சேர்த்து மசித்த வழவழப்பான பச்சைத் துவையல். இவை அலங்காரத்துக்கு இல்லை. முதல் இரண்டு கவளம் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கவளத்தையும் ஒவ்வொரு புளிப்போடு தொட்டுப் பாருங்கள். எண்ணெய் மிகுந்த சோற்றைச் சலிக்காமல் கடைசிவரை சாப்பிட வைப்பது இந்தப் புளிப்புகள்தான்.

மீன் விஷயத்தில் ஒரு வருத்தமான உண்மை இருக்கிறது. செபுஜென்னுக்கு உரிய மீன் தியோஃப், நம் களவா இனத்தைச் சேர்ந்தது. செனகல் கரையில் அளவுக்கு மிஞ்சிப் பிடித்து, கிடைத்ததையும் ஏற்றுமதிக்கு அனுப்பி, உள்ளூரில் அது பணக்காரர் மீனாகிவிட்டது. சாதாரண வீடுகளில் யபோய் என்ற மத்தி வகைதான் பானைக்குப் போகிறது. ஹார்லெமில் பெரும்பாலும் சங்கரா வகை மீனோ வேறு களவா வகையோ வரும். உறைந்த மீனைச் சரியாக உருகவிடாமல் பொரித்தால் உள்ளே தண்ணீர் விட்டுச் சதை பஞ்சாகிவிடும். மீன் பஞ்சாக இருந்தால் சமையலைவிட அந்த அவசரத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

நொய் ஏன்?

நெல் விளையும் நாட்டில், நெல்லைப் பயிரிட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெற்குக் கசமான்ஸ் பகுதி இருக்கும் நாட்டில், தேசிய உணவு ஏன் கடல் கடந்து வந்த உடைந்த அரிசியில் ஆகிறது? பதில் வேர்க்கடலையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் செனகலை வேர்க்கடலைக் காடாக்கினார்கள். சோப்புக்கும் சமையலுக்கும் எண்ணெய் வேண்டும் என்பது பிரான்சின் தேவை. கம்பும் சோளமும் விளைந்த நிலம் கடலைக்குப் போனது. அந்த மக்கள் சாப்பிட என்ன செய்வது? அதே பிரெஞ்சுப் பேரரசின் இன்னொரு மூலையான இந்தோசீனாவில் ஆலைகள் அரிசி தீட்டும்போது நொய் மலையாகக் குவிந்தது. அதைக் கப்பலேற்றி மலிவாக இங்கே இறக்கினார்கள். ஆலைக் கழிவாகக் கருதப்பட்டதை வைத்துச் சேன் லூயிப் பெண்கள் இப்படி ஓர் உணவை உண்டாக்கினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், பானைக்கு முன்னால் கைகூப்பத் தோன்றும்.

நொய்க்கு நாக்கு பழகியபின் முழு அரிசி பிடிக்காமல் போயிற்று. அதில் நியாயமும் இருக்கிறது: உடைந்த முனைகள் குழம்பை வேகமாக உறிஞ்சும், சிறு மணிகள் எண்ணெயை ஒரே சீராகப் பூசிக்கொள்ளும், காந்தலும் நன்றாகப் பிடிக்கும். அமெரிக்காவில் இருக்கும் செனகல் கடைகள் தாய்லாந்து, வியட்நாம் மல்லிகை நொய்யைத் தேடித்தான் வாங்குகின்றன. 'இரண்டு முறை உடைந்தது' என்று மூட்டையில் அச்சிட்டிருப்பதே உயர்வாகக் கருதப்படுகிறது. செனகலுக்கு நொய் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் முக்கியமானது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது தலைநகர் டாக்காரின் சமையலறைகளில் கவலை எழுந்தது. பிறகு அரசுகளுக்கிடையேயான ஒதுக்கீடாகச் செனகல் போன்ற நாடுகளுக்கு அனுப்ப வழி செய்யப்பட்டது. தடை 2025 மார்ச்சில்தான் விலகியது.

இந்த அரிசி வணிகத்துக்கு முன்பே தமிழ்க் கடற்கரைக்கும் செனகல் ஆற்றுக்கும் தொடர்பு இருந்தது. புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி, 'கினே' என்ற பெயரில் பிரெஞ்சுக் கப்பல்களில் செனகலுக்குப் போனது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஆற்றுப் பகுதியில் வேலம்பிசின் வாங்க அந்தத் துணியே நாணயம்போல் கைமாறியது. பலகையில் 'நெம்' என்று ஒரு பெயரைப் பார்த்தால் அதுவும் இதே பேரரசின் தடம். வியட்நாமில் நடந்த இந்தோசீனப் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்ட செனகல் வீரர்கள் 1954ஐ ஒட்டி ஊர் திரும்பும்போது சிலர் வியட்நாமிய மனைவியரோடு வந்தார்கள். அந்தப் பெண்கள் டாக்காரில் பொரித்து விற்ற சுருள்தான் நெம். சைகோனிலிருந்து திரும்பிய புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் அதே மாதிரிச் சுருள் பொரிக்கப்படுவது இதன் மறு கிளை.

மற்ற குழம்புகள்

செபுஜென் தீர்ந்துவிட்டால் யாஸ்ஸா. இது கசமான்ஸ் பக்கத்து உணவு. பகலிலும் இரவிலும் கிடைக்கும். ஒன்றரைக் கிலோ கோழிக்குக் கிட்டத்தட்ட அதே எடை வெங்காயம், நாலைந்து எலுமிச்சையின் சாறு, இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, பூண்டு, மிளகு. நாலு மணி நேரமாவது ஊறவேண்டும், இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. கோழியைத் தனியே நெருப்பில் சுட்டு, வெங்காயத்தைத் தனியே வதக்கி, பிறகு இரண்டையும் சேர்ப்பது முறை.

இங்கே ஒரு நுணுக்கம். புளிப்பில் ஊறிய வெங்காயம் லேசில் குழையாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கு நறுக்கென்றே இருக்கும். அதனால் ஊறிய வெங்காயத்தை நன்றாகப் பிழிந்து, சாற்றைத் தனியே வைத்து, வெங்காயத்தை மட்டும் எண்ணெயில் பொன்னிறத்துக்கு வதக்கி, கடைசியில்தான் அந்தச் சாற்றைத் திரும்ப ஊற்ற வேண்டும். இதைத் தெரிந்து செய்கிற கடையில் யாஸ்ஸா தேன் நிறத்தில், இனிப்பும் புளிப்பும் கலந்து வரும். தெரியாத கடையில் வெளிறிப்போய், வெங்காயம் பல்லில் கடிபடும், கோழியும் சுட்ட மணம் இல்லாமல் வெந்த கோழியாக இருக்கும். யாஸ்ஸாவுக்கு வெள்ளைச் சோறுதான்.

மாஃபே வேர்க்கடலைக் குழம்பு, மாலி நாட்டிலிருந்து வந்தது. ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்குக் கால் கிலோ கடலை விழுது. சர்க்கரை கலந்த டப்பா விழுதைப் போட்டால் குழம்பு பாயசமாகிவிடும். விழுதைச் சுடுகுழம்பில் கரைத்துக் கட்டியில்லாமல் ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட வேண்டும். மேலே செம்மஞ்சளாக எண்ணெய் மிதந்து வந்தால் வெந்துவிட்டது. எண்ணெய் மிதக்காத மாஃபே வயிற்றில் கனமாகக் கிடக்கும். அடிக்கடி கிளறாவிட்டால் அடிப்பிடித்து, அந்தக் கருகல் வாடை பானை முழுக்கப் பரவும். வேறு பாத்திரத்துக்கு மாற்றினாலும் போகாது. கடையில் ஒரு கரண்டி கேட்டு முகர்ந்து பார்ப்பதில் தவறில்லை.

சூப்பு காஞ்சா என்பது செம்பனை எண்ணெயில் வெண்டைக்காயும் மீனும் கருவாடும். வழவழப்பு பிடிக்காதவர்கள் இதைத் தவிர்க்கலாம். பிடித்தவர்களுக்கு இதைப்போல வேறில்லை. மாஃபேயும் இதுவும் பல கடைகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான். எந்த நாள் எது என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

இரவில் போனால் டிபி. எலும்போடு துண்டு போட்ட ஆட்டிறைச்சியை நெருப்பில் சுட்டு, பச்சை வெங்காயம், கடுகு விழுது, மிளகாய்த் தூள் சேர்த்துத் தருவது. செனகலில் இதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. எடை போட்டு, பழுப்புத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். சொன்ன பிறகுதான் சுடத் தொடங்குவார்கள் என்பதால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் அது சூடுபடுத்திய பழைய இறைச்சி.

சைவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும்

நேராகச் சொல்லிவிடலாம்: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சமையல் கடினமானது. கீரைக் குழம்பானாலும், வெண்டைக் குழம்பானாலும் கருவாடு இருக்கும். 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் மீன் போட்டுத் தருவார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் மீன் வேறு. நம்பிச் சாப்பிடக்கூடியது அக்காரா: காராமணியைத் தோல் நீக்கி அரைத்துப் பொரிப்பது, நம் வடைக்கு நெருங்கிய உறவு. தக்காளியும் மிளகாயும் சேர்த்த சட்னியோடு வரும். ஆனால் அதே எண்ணெயில் மீன் அடைத்த ஃபத்தாயாவும் பொரிந்திருக்கலாம். தனி எண்ணெயா என்று கேட்க வேண்டும். பொரித்த நேந்திரம் வகை வாழைப்பழம், சாலட், வெள்ளைச் சோறு, கம்பில் செய்த இனிப்பு ஆகியவையும் உண்டு.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் 'யாப்' என்று இருக்கும் எதையும் ஆடா மாடா என்று கேட்டுவிடுவது அவசியம், இரண்டும் நடக்கும். பன்றி கிடையாது, இறைச்சி ஹலால், பெரும்பாலான கடைகளில் மதுவும் கிடையாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் மாஃபேயைத் தவிர்த்தால் மட்டும் போதாது, பொரிக்கும் எண்ணெயே கடலையெண்ணெயாக இருக்கலாம். நத்தை, சிப்பி ஒத்துக்கொள்ளாதவர்கள் யேத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்; குழம்பில் கரைந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாது.

குடிப்பதற்கு

பிஸ்ஸாப் என்பது புளிச்சையின் சிவப்புப் புல்லிவட்டத்தை ஊறவைத்த பானம். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் காய்ந்த இதழ், சர்க்கரை, புதினா. புளிப்பு முன்னால் நிற்க வேண்டும். பல கடைகளில் இனிப்பு அதிகம், ஐஸ் நிறையக் கேட்டு வாங்கினால் சரியாகும். புய் என்பது பெருக்க மரத்தின் காயில் இருக்கும் வெள்ளைப் பொடியைக் கரைத்து வடித்துப் பால் சேர்த்தது, மோரைப்போலப் புளிப்பு. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் அதே பெருக்க மரம்தான். நம் பக்கத்தில் அதன் காயைப் பானமாக்கும் வழக்கம் பெரிதாக இல்லை என்பதால் இங்கே குடித்துப் பார்ப்பது வீண்போகாது. இஞ்சிச் சாறு தொண்டையை எரிக்கும் அளவுக்குக் காட்டமாக வரும். எண்ணெய்ச் சோற்றுக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

கஃபே துபா காப்பிக்கொட்டையோடு ஜார் என்ற ஆப்பிரிக்க மிளகு வகையைச் சேர்த்து வறுத்து அரைத்துப் போடுவது. செனகலின் சமயத் தலைவர் அகமது பாம்பா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய துபா நகரத்தின் பெயரும் அவருடைய முரீத் என்ற சூஃபி மார்க்கத்தின் அடையாளமும் அந்தக் காப்பியில் இருக்கிறது. ஹார்லெமில் ஆண்டுதோறும் ஜூலை 28 அன்று அவர் பெயரில் ஊர்வலம் நடக்கும். அன்றைக்கு அந்தத் தெருவில் சாப்பிடப் போனால் இடம் கிடைப்பது சிரமம். அத்தாயா என்ற பச்சைத் தேயிலைத் தேநீர், மூன்று சுற்றாக, நுரை வர இந்தக் கோப்பைக்கும் அந்தக் கோப்பைக்கும் மாற்றி மாற்றி ஆற்றித் தருவது. மூன்று சுற்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது வீட்டு விருந்தாளிக்கு உரியது, கடைப் பலகையில் தேட வேண்டாம்.

ஒரே தட்டில்

செனகலில் சோறு ஒரே பெரிய தட்டில் வரும், சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஹார்லெமில் தனித்தனித் தட்டுதான் வழக்கம். நாலைந்து பேராகப் போனால் ஒரே தட்டில் தரச் சொல்லிக் கேட்கலாம், சந்தோஷமாகத் தருவார்கள். வலக்கையில் கொஞ்சம் சோற்றை எடுத்து அழுத்தி உருட்டிச் சாப்பிடுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டியில் சாப்பிட்டாலும் குற்றமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது எல்லையைத்தான்: உங்களுக்கு நேரே இருக்கும் பகுதி மட்டுமே உங்களுடையது. நடுவில் இருக்கும் மீனையும் காயையும் எட்டி எடுக்கக் கூடாது. வீட்டுப் பெண்ணோ, மூத்தவரோ அவற்றைப் பிட்டு ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார். உங்கள் பக்கம் ஒரு மரவள்ளித் துண்டு வந்து நின்றால் அது உங்களுக்கு என்றே வைத்தது. வயிறு நிறைந்தவர் "சூர் நா" என்று சொல்லி எழுந்து இடம்விட வேண்டும். தட்டைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவது வழக்கமில்லை, பேச்செல்லாம் தேநீரோடு.

ஒரு தட்டுச் சோறு சாதாரணமாக இரண்டு பேருக்குப் போதும், ஆகவே முதல் தடவை ஆளுக்கு ஒன்று சொல்லிவிடாதீர்கள். மிஞ்சினால் கட்டித் தருவார்கள். எடுத்துப்போகும்போது மீனையும் புளித் துவையலையும் தனித் தனியாகக் கட்டச் சொல்ல வேண்டும். மறுநாள் சூடுபடுத்த அடிகனமான வாணலியில் சோற்றைப் பரப்பி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிச் சிறு தீயில் பத்து நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் நொய் ரப்பராகும், எண்ணெய் தனியே கசியும். மீனைச் சோற்றின் மேல் கடைசி மூன்று நிமிடம் வைத்து எடுத்தால் போதும். காந்தலைத் திரும்பச் சூடுபடுத்தினால் கல்லாகிவிடும், அதை மட்டும் கடையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.